வில்லோ பள்ளிக்கூட முக்கு

ஆணி வர மறுத்தது. குறட்டின் வாயில் அதன் தலையைக் கவ்வ வைத்து, அடியில் ஒரு சிறு கட்டையை அண்டக் கொடுத்து, அந்தக் கைகள் அவசரமே இல்லாமல் தங்கள் பாரத்தை இறக்கின. பலகை ஒருமுறை முனகியது. எண்பது வருடம் மரத்துக்குள் கிடந்த இரும்பு வளையாமல் வெளியே வந்தது. வலது கையின் மோதிர விரலுக்கு மேல்கணு இல்லை; ஒரு ஆகஸ்டில் அறுவடை இயந்திரத்தின் வார்ப்பட்டை கொண்டுபோனது. மிச்சமிருந்த விரல்கள் ஆணியைத் தகர டப்பாவில் போட்டுவிட்டு, அது இருந்த துளையைத் தடவிப் பார்த்தன. அந்தத் துளை ஓர் எழுத்தின் நடுவில் விழக்கூடாது. விழுந்தால் தண்ணீர் இறங்கும், இரண்டு குளிர்காலத்தில் எழுத்து வெடித்துவிடும்.

பலகையைத் திருப்பினால் மறுபக்கம் பட்டுப் போல இருந்தது. அது உப்புத்தாள் போட்டு வந்த வழவழப்பு இல்லை. டன்வேலில் இரயில் பாதையோரம் நின்ற தானியக் கோபுரத்தின் உட்சுவர் அது. எண்பது அறுவடையின் கோதுமை மேலிருந்து கீழே ஓடி ஓடித் தேய்த்த வழவழப்பு. உள்ளங்கையை அதில் வைத்தால், எங்கோ தூரத்தில் மழை பெய்வதுபோல் தானியம் சரியும் சத்தம் கைக்குக் கேட்கும். கோபுரத்தை இடித்த வருடம் அந்தக் கைகள் ஒரு வண்டி நிறையப் பலகையைக் கொண்டுவந்து கொட்டகையில் அடுக்கின. எதற்கென்று அப்போது தெரியாது.

இது அறுபத்திரண்டாவது பலகை. அறுபத்தொன்று ஏற்கெனவே சாலை முக்குகளிலும் வீட்டு வாசல்களிலும் நின்றுகொண்டிருந்தன. இந்த ஒன்று மட்டும் விட்டுப்போனது. விட்டுப்போனது யார் தலையில் விழுந்தது என்று கைகளுக்குத் தெரியும். அதனால்தான் மற்ற பலகைகளுக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது, இதைத் தேர்ந்தெடுக்கவே இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கைகள் நெஸ்டர் பிலாஷுடையவை. அவருக்கு அறுபத்தொன்பது வயது. சஸ்காட்சுவானில் டன்வேலுக்கு வடகிழக்கே, ஹாகன் இடத்தில் நாற்பத்து நான்கு வருடமாகக் கோதுமை விதைக்கிறார். ஹாகன் யாரென்று பார்த்த கண்கள் அந்த வட்டாரத்தில் இரண்டோ மூன்றோதான் மிச்சம். மழை பொய்த்து மண் எழுந்து பறந்த வருடங்களில், 1937ஆம் ஆண்டு, அந்த நார்வேக்காரன் அடுப்பில் தேநீர்ப் பாத்திரத்தை வைத்தபடியே கதவைச் சாத்தாமல் மேற்கே போய்விட்டான். பல வருடம் கழித்து நெஸ்டர் அங்கே கிணறு வெட்டினார், வீட்டைக் கட்டினார், ஸ்டெஃபாவைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தார், மூன்று பிள்ளைகளை வளர்த்து நகரங்களுக்கு அனுப்பினார். இருந்தும் அது ஹாகன் இடம்தான். அவரே தொலைபேசியை எடுத்தால் "ஹாகன் இடத்துலேருந்து நெஸ்டர் பேசறேன்" என்பார். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. நெஸ்டர் போன பிறகு வேறொருவன் வந்தால்தான் அது பிலாஷ் இடமாகும்.

அந்தச் சமவெளியில் எல்லாரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள், போனவற்றின் நடுவில். கடுங்குளிர் காலைகளில் சூரியன் எழும்போது, முப்பது மைல் தள்ளியிருக்கும் ஊர்கள் குளிர்காற்றின் கானலில் அடிவானத்திலிருந்து கழன்று மேலே வந்து வானத்தில் மிதக்கும். கோபுரங்கள், தேவாலயத்தின் குமிழ், ஒரு ரயில் முழுக்க. காப்பிக் கோப்பையோடு சமையலறை ஜன்னலில் நிற்பவர்கள் அதைப் பார்ப்பார்கள், பிறகு ரொட்டியை வாட்டப் போவார்கள். இல்லாததைப் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கம். வழி கேட்டால் சொல்வதும் அப்படியே. பழைய பாலாடைக் கடை தாண்டி, இடி விழுந்த மரத்துக்கு முன்னால், மக்லின்னுடைய வெள்ளைக் கொட்டகை இருந்த இடத்தில் இடதுபக்கம். கடையும் இல்லை, மரமும் இல்லை, கொட்டகை எந்த வருடம் சாய்ந்தது என்பதில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. ஆனால் யாரும் வழி தவறியதில்லை, ஏனென்றால் யாரும் அந்நியரில்லை.

நெஸ்டருக்கு அந்த இல்லாத நாடு மற்றவர்களைவிடத் தெளிவாகத் தெரிந்தது. வில்லோ பள்ளிக்கூடம் மூடியபோது பிள்ளைகளை டன்வேலுக்குக் கொண்டுபோக ஒரு பேருந்து வந்தது. அதை அவர்தான் ஓட்டினார், இருபத்திரண்டு வருடம். விதைப்பும் அறுவடையும் அந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவில்தான் நடந்தன. எந்த வாசலில் எந்தக் குழந்தை ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு நிற்கும், எந்த வளைவில் பனி குவியும் என்று அவர் உடம்புக்கே தெரியும். பேருந்து போன பிறகும் மற்ற வேலைகள் அவரிடம் தங்கின. சமூகக் கூடத்தின் அடுப்பை யாராவது மூட்ட வேண்டும், அவர் மூட்டினார். ஜனவரியில் யாராவது இறந்தால் உறைந்த மண்ணின்மேல் இரண்டு நாள் வைக்கோலும் நிலக்கரியும் எரித்துத்தான் குழி வெட்ட முடியும், அவர் எரித்தார். ஸ்டெஃபா சொல்வாள், இந்த மனுஷனைத் தேடுவதானால் வீட்டைத் தவிர எல்லா இடத்திலும் தேடலாம் என்று. சொல்லிவிட்டு, கூடத்து அடுப்பு மூட்டப் போகிறவருக்கு வரேனிக்கிக் கொழுக்கட்டைகளைத் துணியில் கட்டிக் கையில் கொடுப்பாள்.

அடுத்த வீடு ஒன்றரை மைல். அங்கே பாவ்லோ செனிக்கும் மரூசியாவும். அவர்களுடைய ஒரே மகள் ஆக்சானாவுக்கு நெஸ்டர்தான் ஞானத்தகப்பன். உக்ரேனியர்களிடையே அது ரத்த உறவுக்குச் சமம். அதன் பிறகு பெற்றவர்களும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆணை "கூமே" என்பார்கள், பெண்ணை "கூமோ". முப்பத்தைந்து வருடம் பாவ்லோவும் நெஸ்டரும் வேலி வழியாகவும் வயல் வழியாகவும் அந்த ஒரு சொல்லைத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். காற்று பலமாக இருக்கும் நாட்களில் மற்ற வார்த்தைகள் பறந்துபோய் அது மட்டும் வந்து சேரும்.

போன வருடம் ஏப்ரல் கடைசியில், மதியச் சாப்பாட்டு வேளையில், அந்த வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. பாவ்லோ விதைப்புக் கருவியின் பக்கத்தில் விழுந்து கிடக்கிறான், மூச்சு இழுக்கிறது, நீ ஆம்புலன்ஸைக் கூப்பிடு, நான் அவனிடம் போகிறேன் என்றாள் மரூசியா. நெஸ்டர் கூப்பிட்டார். வழி கேட்டார்கள். அவர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, எழுதிக்கொள்ள நேரம் கொடுத்துச் சொன்னார்: தானியக் கோபுரத்திலிருந்து வடக்கே ஆறு மைல், வில்லோ பள்ளிக்கூட முக்கில் கிழக்கே திரும்பி, ஹாகன் இடத்துக்கு முன்னாலேயே வலதுபக்கம். இதைவிடத் தெளிவாக ஒருவர் வழி சொல்ல முடியாது. சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பாவ்லோவிடம் ஓடினார். ஸ்டெஃபாவைச் சாலை முக்கில் போய் நிற்கச் சொல்லத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம்தான் அங்கே நிற்கிறதே.

ஓட்டுநர் நகரத்திலிருந்து புதிதாக வந்த பையன். அவன் டன்வேலில் கோபுரத்தைத் தேடினான். பிறகு வடக்கே போய்ப் பள்ளிக்கூடத்தைத் தேடினான். நாற்பது நிமிடம், தண்ணீர் தேங்கிய வயல்களுக்கு நடுவில், அந்த வெள்ளை வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பாவ்லோவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நெஸ்டர் அதைப் பார்த்தார். தொலைவில் வடக்கே போயிற்று. திரும்பித் தெற்கே வந்தது. ஒருமுறை, வானத்தில் மிதக்கும் ஊர்களைப் போல, தரையைவிட்டு எழும்பியே போனதாக இருந்தது. அவர் எழுந்து கை அசைக்கவில்லை. எழுந்தால் தலை மண்ணில் படும்.

உடனே வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் பிறகு சொன்னார். அப்படிச் சொல்வதுதான் மருத்துவர்களின் வழக்கம் என்று எல்லாருக்கும் தெரியும்.

இறுதிச் சடங்குக்குப் பிறகு கூடத்தில் சாப்பாடு. பரிமாறிக்கொண்டிருந்த நெஸ்டர் மரூசியாவின் தட்டருகே வந்தபோது அவள் நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் பள்ளிக்கூடம் எரிஞ்சு முப்பத்துமூணு வருஷம் ஆச்சு, நெஸ்டர்."

அவ்வளவுதான். வட்டாரம் முழுக்க அந்த வாக்கியத்தில் பள்ளிக்கூடத்தைக் கேட்டது. நெஸ்டர் கேட்டது கடைசிச் சொல்லை. முப்பத்தைந்து வருடத்தில் அவள் வாயிலிருந்து அவர் பெயர் வந்ததில்லை. அன்றிலிருந்து வழியில் பார்த்தால் தலையசைப்பாள். அவர் பனி தள்ளிவிட்டுப் போனால் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி விடுவாள். முன்பெல்லாம் பனி தள்ளிய மறுநாள் வேலிக் கம்பத்தின்மேல் ஒரு பாட்டில் பீட்ரூட் ஊறுகாய் இருக்கும். இப்போது கம்பம் மட்டும் இருந்தது.

அறுவடை முடிந்ததும் அவர் வட்டார அலுவலகத்துக்குப் போனார். இரண்டு மூன்று வருடத்தில் எல்லா வாசலுக்கும் எண் வரும், தகடு வரும் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்து கொட்டகையில் அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்தார். எதற்கென்று அப்போது தெரிந்தது.

யாரும் அவருக்கு எழுத்து வெட்டக் கற்றுத் தந்ததில்லை. முதல் மூன்று பலகையை அடுப்பில் போட்டார். நாலாவதில், மரத்தின் ஓட்டத்துக்குக் குறுக்கே வெட்டும் கோட்டை முதலில் முடித்துவிட்டு, கூடவே ஓடும் கோட்டை அப்புறம் எடுத்தால் ஓரம் பிளக்காது என்று புரிந்தது. ஆழம் அரை விரல். அதற்கு மேல் போனால் பனி தங்கும். வெள்ளைப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, சாலைக் கோடுகளில் தூவும் கண்ணாடி மணித்தூளைத் தூவினால் வண்டி விளக்கில் எழுத்து எழுந்து நிற்கும். தூளைக் கொண்டுவந்து கொடுத்தவன் லேய்ஃப். வட்டாரச் சாலைகளைச் சமன் செய்யும் கிரேடர் வண்டியை ஓட்டுகிறவன், லுத்தரன் சபைக்காரன், எதையும் கேலி செய்யாமல் விடமாட்டான்.

"நீ செய்யறதெல்லாம் சரிதான்" என்றான் லேய்ஃப், பலகையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தபடி. "ஆனா வழி தெரிஞ்சவன் எழுதின பலகை வழி தெரிஞ்சவனுக்குத்தான்யா புரியும்."

நெஸ்டர் அதற்குச் சிரிக்கவில்லை. மூன்று நாள் யோசித்தார். அதனால்தான் பலகைகளில் இடங்களின் பெயரே வேண்டாம் என்று முடிவு செய்தார். டன்வேல் நெடுஞ்சாலையிலிருந்து எண்ணி, வடக்கே இத்தனை மைல், கிழக்கே இத்தனை மைல். வாசலில் மட்டும், இப்போது அந்த வீட்டில் இருப்பவரின் பெயர். வீடு வீடாகப் போய் என்ன பெயர் போடுவது என்று கேட்டார். ஒருவர் இறந்த அப்பாவின் பெயரைப் போடச் சொன்னார். இன்னொருவர் தன் வீட்டுக்கு முன்பிருந்த சொந்தக்காரர் பெயரைத்தான் கேட்டார், இல்லையென்றால் தனக்கே வழி தெரியாது என்றார். மரூசியாவிடம் கேட்க ஸ்டெஃபா போனாள். "எது வேணா போட்டுக்கட்டும்" என்று பதில் வந்தது. அவர் பாவ்லோ செனிக் என்று வெட்டி, ஒரு அக்டோபர் காலையில் அந்த வாசலில் நட்டார். திரை விலகியது, விழுந்தது.

நாற்பத்து மூன்று வாசல், பதினெட்டு முக்கு. முக்குகளின் பட்டியலைப் பேருந்து போன வரிசையில், கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். மண் உறைவதற்கு முன் எல்லாக் கம்பமும் இறங்கிவிட்டது.

சோதித்துப் பார்க்க ஓர் அந்நியர் வேண்டும். கடவுளே அனுப்பியதுபோல் டிசம்பரில் புதிய பாதிரியார் வந்தார். பெயர் மிகைலோ, கிழக்கே பெரிய நகரத்தில் வளர்ந்தவர், இளைஞர், வடக்கையும் தெற்கையும் சூரியனைப் பார்த்தும் சொல்லத் தெரியாதவர். ஜனவரியில், இயேசு ஞானஸ்நானம் பெற்றதை நினைக்கும் யோர்தான் திருநாளுக்குத் தண்ணீரை மந்திரித்த பிறகு அவர் ஒவ்வொரு வீடாகப் போய்த் தீர்த்தம் தெளிக்க வேண்டும். போன பாதிரியாரோடு கூட யாராவது போவார்கள். இந்த முறை வேண்டாம் என்றார் நெஸ்டர். போக வேண்டிய வீடுகளின் பட்டியலைக் கையில் கொடுத்தார்.

"பலகையைப் படிங்க, ஃபாதர், அது போதும். பலகை இல்லாத முக்குல மட்டும் திரும்பிடாதீங்க."

நாலு நாளில் எல்லாம் முடிந்தது. ஐந்தாம் நாள் டன்வேல் காப்பிக் கடையில் லேய்ஃப் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். பாதிரியார் தன் வீட்டு வாசலில் வந்து இறங்கினாராம். லுத்தரன் என்று சொன்னால் மனிதர் முகம் வாடிவிடுமே என்று இவன் சொல்லவில்லையாம். வீட்டுக்குத் தெளித்தார், மாட்டுக்குத் தெளித்தார், கிரேடருக்கும் தெளியுங்கள் என்றதற்கு இரண்டு பங்காகத் தெளித்தார்.

"இன்னிக்குக் காலையில முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆச்சு. நான் மதம் மாறலாமான்னு யோசிக்கிறேன்."

நெஸ்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, பாதிரியார் எந்தச் சாலையில் லேய்ஃப் வீட்டுக்கு வந்திருப்பார் என்று அவர் மனது தானாகப் போய்ப் பார்த்தது. வடக்கே நாலு மைல், அங்கே பலகை. வடக்கே ஆறு, வில்லோ பள்ளிக்கூடம். பலகை. இல்லை. பள்ளிக்கூடம் இருக்கிறதே, அதற்கு எதற்குப் பலகை. வடக்கே எட்டு, பலகை.

கோப்பையை மேசையில் வைத்தார். அது சத்தமில்லாமல்தான் வைக்கப்பட்டது, ஆனாலும் லேய்ஃப் பேச்சை நிறுத்தினான்.

பட்டியலில் இருந்த வீடுகளில் ஒரே ஒரு வீட்டுக்குப் பாதிரியார் போகவில்லை. எந்த வீடென்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டெஃபாவிடம் சொன்னபோது அவள் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "போ" என்றாள். அவர் நாளைக்குப் போகிறேன் என்றார். "நாளைக்குப் போனா நாளான்னைக்குப் போவ. சட்டையைக்கூட மாத்த வேணாம், இப்படியே போ."

மரூசியாவின் சமையலறை மேசையில் வெள்ளை விரிப்பு இன்னும் எடுக்கப்படவில்லை. நடுவில் மெழுகுவர்த்தி, பக்கத்தில் உப்பு, துணி மூடிய ரொட்டி, அது காய்ந்திருக்கும். அவர் கதவருகிலேயே நின்றார். வருகிற வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் உள்ளே வர மறுத்து வாசலிலேயே நின்றுவிட்டன.

"நான் மறந்துட்டேன், கூமோ" என்றார். "மறுபடியும் அதே முக்கு."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"எனக்கு அது இன்னும் தெரியுது. போய் நின்னா தெரியுது. மணிக்கயிறு, படிக்கட்டு, பசங்க குதிச்சுக்கிட்டு நிக்கிறது. இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா தெரியுது."

மரூசியா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வெளிச்சம் பனியில் பட்டு, நிலம் எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல், வீடே ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்ததுபோல இருந்தது. பிறகு அவள் சொன்னாள். அன்றைக்குப் பாதிரியார் டன்வேலுக்குத் திரும்பிப் போய்த் தொலைபேசியில் கூப்பிட்டாராம். வழி தவறிவிட்டேன், உங்கள் வீட்டுக்கு எப்படி வருவது என்று கேட்டாராம்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வில்லோ பள்ளிக்கூடத்து முக்குல திரும்புங்க ஃபாதர்னு சொன்னேன். சொல்லி போனை வெச்சுட்டு, தண்ணி கொதிக்க வெச்சுட்டு, அப்புறம்தான் என் காதுலயே விழுந்துச்சு." விரிப்பின் ஒரு மடிப்பை விரலால் நீவினாள். "ஒன்பது மாசமா உன்னை அந்த ஒரு வார்த்தைக்காக மனசுல வெச்சு அரைச்சுக்கிட்டிருக்கேன். அதே வார்த்தை என் வாயில உக்காந்திருக்கு."

அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது. இப்போதுதான் நெஸ்டர் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டார். அந்த முக்குக்குப் பலகை செய்யப்போவதாகச் சொன்னார். மண் இளகியதும் நட்டுவிடலாம். என்ன எழுத வேண்டும் என்று மட்டும் அவள் சொல்ல வேண்டும்.

"அங்க என்ன இருக்கு?" என்றாள் மரூசியா.

"ஒண்ணும் இல்ல" என்றார் அவர். "ரெண்டு ரோடு. காத்து."

"அப்ப அதுலேருந்து எத்தனை மைல்னு எழுது. அப்புறம் இங்க யார் இருக்காங்களோ அவங்க பேரை எழுது."

"வாசல்ல பாவ்லோ பேரு..."

"அது இருக்கட்டும். வாசல் வரைக்கும் வந்தவங்க அவன் பேரைப் படிச்சுட்டு உள்ள வரட்டும். ஆனா முக்குல யாராவது அவசரமா நின்னு தேடினா, இனிமே அது எனக்காகத்தான் இருக்கும், இல்லையா?"

பலகை தேர்ந்தெடுக்கவே அவருக்கு இரண்டு மாதம் ஆனது. மார்ச் கடைசியில் ஒன்றை எடுத்தார். ஒரு சிறு முடிச்சுகூட இல்லாத பலகை, உட்பக்கம் மற்றவற்றைவிட மினுங்கியது. கோபுரத்தில் கோதுமை முதலில் வந்து விழும் இடத்தில் இருந்திருக்க வேண்டும். கடைசி ஆணியையும் எடுத்த பிறகு, தினமும் காலையில், முதல் வெளிச்சம் கொட்டகையின் கிழக்கு ஜன்னலில் சாய்வாக விழும் அந்த அரைமணி நேரம் மட்டும் வெட்டினார். சாய்ந்த வெளிச்சத்தில்தான் உளி எங்கே தவறுகிறது என்று தெரியும். கொட்டாப்புளி மெதுவாகத் தட்டியது. கூரையில் பனி உருகிச் சொட்டியது. சில நாள் இரண்டு சத்தமும் ஒன்றாகி, தட்டுவது தானா கூரையா என்று அவருக்கே பிரியவில்லை.

அந்த எழுத்துகளை வெட்டும்போது அவருக்கு ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது. மரூசியா என்ற பெயரை இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூட அவளை நோக்கிச் சொன்னதில்லை. இப்போது அதன் ஒவ்வொரு எழுத்தையும், கோடு கோடாக, அரை விரல் ஆழத்துக்கு, உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்தின் வளைவில் இரண்டு நாள் நின்றார். ஸ்டெஃபா காப்பி கொண்டுவந்து பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு எனக்கு இப்படி ஒரு மோதிரத்தில்கூட என் பேரை வெட்டித் தரவில்லையே என்றாள். அவர் அடுத்தது ஹாகன் இடத்துக்கு, அதில் ஸ்டெஃபா என்று போடுகிறேன் என்றார். பேச்சை மாற்றாதே என்று சொல்லிவிட்டு, போகும்போது பலகையின் வழவழப்பான பக்கத்தை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள்.

பூச்சு, மணித்தூள். பின்பக்கத்துக்கு மட்டும் பூச்சு கொடுக்கவில்லை. ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை தேய்த்து அப்படியே விட்டார்.

ஏப்ரல் கடைசியில், மரூசியாவின் வீட்டில், பாவ்லோவின் ஆண்டு நினைவுப் பூசை. பாதிரியார் இந்த முறை சரியாக வந்து சேர்ந்தார், ஏனென்றால் லேய்ஃப் கிரேடரில் முன்னால் போய் வழி காட்டினான். சாலையைச் சமன் செய்துகொண்டே வந்ததால் அவர்கள் வர இரண்டு மணி நேரம் பிடித்தது. பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, வண்டிகள் ஒவ்வொன்றாகப் புழுதி கிளப்பிப் போன பிறகு, நெஸ்டர் தன் வண்டியின் பின்பக்கத்திலிருந்து கோணியில் சுற்றிய பலகையை எடுத்தார். முக்கில் கம்பம் காலையிலேயே நட்டாகிவிட்டது; மாட்டுவதற்கு முன் மரூசியாவிடம் காட்ட வேண்டும். வயலோரம் நீலக் குரோக்கஸ் பூக்கள், பழைய புல்லுக்கு நடுவில், யாரோ சொல்லி அழைத்தாற்போல எழுந்திருந்தன. தெற்கே, டன்வேல் பக்கம், சூடேறும் நிலத்தின்மேல் காற்று நெளிந்தது. அதில் ஒரு கோபுரம் நிற்பதாக இருந்தது. அவர் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

மரூசியா படியிறங்கி வந்தாள், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே. அவர் கோணியை விலக்கினார். அவள் எழுத்துகளைப் படித்தாள். வடக்கு ஆறு. மரூசியா செனிக். கிழக்கே ஒன்றரை மைல். உதடு அசைய, பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல், மெதுவாகப் படித்தாள். பிறகு பலகையின் பின்பக்கம் கை போயிற்று. அங்கேயே நின்றது. முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தாள்.

"கோதுமை வாசனை இன்னும் இருக்கு."

"கனம்" என்றார் நெஸ்டர். "ரெண்டு கையையும் குடு, கூமோ."

"நான் தூக்காத கனமா, கூமே" என்று சொல்லி, அவள் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.